பேறு பார்ப்போரின் பெயர்கள்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை)



அன்னை திரிசலா ஈன்ற பெருமானின் பிறந்தநாளில், பேறு பார்ப்போரைக் குறிக்கும் சொற்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

இன்று மகப்பேறு மருத்துவர் என்கிறோம். பிறந்த சிசுவைக் காப்பவரைக் குழந்தைநல மருத்துவர் என்கிறோம். பண்டை இலக்கியத்தில் வளர்ப்புத்தாயைக் குறித்த ‘செவிலி’, இன்று நோயாளரைப் பேணுவோர்க்குப் பெயராயிற்று. மருத்துவன் என்பதன் பெண்பாலே மருத்துவச்சி. ஊர்வழக்கோ அச்சொல்லைப் பேறு பார்க்கும் பெண்ணுக்கே உரியதாக்கியது. ஆங்கிலத்தில் ‘மிட்வைஃப்’ என்பதற்குப் பெண்ணுடன் இருப்பவர் என்று பொருள். மருந்தறிவுக்கும் முன்னதாக உடனிருத்தலையே அச்சொல் போற்றுகிறது.

திருத்தக்கதேவரும் இதனை உணர்ந்தவர். சீவக சிந்தாமணியில் அரசி விசயை சுடுகாட்டில் தனித்துச் சீவகனை ஈன்றபோது, தெய்வம் தோழி வடிவில் வந்து துணைநின்றது.

நால்வகைத் தானங்களுள் ஔடதமும் அபயமும் அடங்கும். பேறு பார்ப்போர் அவ்விரண்டையும் ஒருங்கே அளிக்கின்றனர். நம் மூத்தோர் பலரை முதலில் ஏந்தியது மருத்துவச்சியின் கையே. ஆயினும், பேற்றறையில் தாயின் அருகிருந்தவரைப் பின்னர்த் திண்ணைக்கு அப்பால் நிறுத்திய வழக்கமும் நாட்டில் இருந்தது. பெயரால் உயர்த்தி, நடத்தையால் தாழ்த்துதல் அறமன்று, அதுவும் இம்சையே.

ஆகவே, மருத்துவர்க்குப் பொன்னாடை போர்த்தும் நம் மேடைகளில் செவிலியரையும், ஊரில் எஞ்சியுள்ள முதிய மருத்துவச்சியரையும் அவர்தம் அருகே அமர்த்துவோம். முதுமையில் அவர்க்கு மருந்தும் உணவும் குறையாது காப்போம்.

வாழ்க அறம்! வளர்க அகிம்சை!