கோப்பை கழுவுவதும் சுற்றாடல் பணியே
(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



"உணவுத் தொழிலும் சுற்றாடலும்" என்ற தலைப்பில் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். இது பெரிய கொம்பனிக்காரருக்கு உரிய விசயம், எங்களுக்கு என்ன என்று சிலர் நினைக்கலாம். நான் ஒன்று கேட்கிறேன். ஜேர்மனிக்கு வந்து உங்களுக்கு முதல் கிடைத்த வேலை என்ன? கனபேர் "கோப்பை கழுவினது" என்றுதான் சொல்லுவியள். நானும் அதே ஆள்தான். வேலை செய்ய அனுமதி கிடைக்கிறதுக்கே வருடக்கணக்கில் காத்திருந்து, பிறகு கிடைத்த வேலை அது. ஊருக்குக் கடிதம் எழுதும்போது "ஹோட்டலில் வேலை" என்று மட்டும் எழுதினோம். கோப்பை கழுவுறது என்று எழுதப் பேனை வரவில்லை.

அந்த வேலையைத்தான் இன்றைக்கு இந்த நாட்டுச் சட்டமும் நீதிமன்றமும் தேடி வந்திருக்கின்றன. அந்தக் கதையைச் சொல்லவே வந்தேன்.

1992 இல் காசல் நகரசபை ஒரு வரி போட்டது. ஒருமுறை பாவித்துவிட்டு எறிகிற கோப்பையில், பெட்டியில் சாப்பாடு விற்கிற கடைகள் அந்த வரியைக் கட்டவேண்டும். கடைகள் வழக்குப் போட்டன. 1998 இல் ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், இந்த வரி மத்திய அரசின் கழிவுச் சட்டத்தோடு முரண்படுகிறது என்று சொல்லி அதைத் தள்ளியது. அதோடு விசயம் முடிந்ததென்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ஆனால் 2022 ஜனவரியில் ரியூபிங்கன் நகரம் திரும்பவும் தொடங்கியது. எறிகிற கப், கோப்பை, பெட்டி ஒவ்வொன்றுக்கும் 50 சென்ற். முள்ளுக்கரண்டி போன்றவைக்கு 20 சென்ற். அங்கே மக்டொனால்ட் கடை நடத்துகிறவர் வழக்குப் போட்டார். மாநில நீதிமன்றத்தில் அவர் வென்றார். 2023 இல் லைப்சிக்கில் உள்ள மத்திய நிர்வாக நீதிமன்றம் முக்கிய விசயத்தில் நகரத்தின் பக்கம் நின்றது. 2025 ஜனவரியில் அரசியலமைப்பு நீதிமன்றமும் வரி செல்லும் என்று சொல்லிவிட்டது. கொன்ஸ்ரான்ஸ் நகரமும் 2025 தொடக்கத்தில் இருந்து இப்படி வரி வாங்குகிறது.

இதில் எனக்குப் பிடித்த விசயம் வேறு. ரியூபிங்கன் நகரம் வரியை மட்டும் போடவில்லை. கழுவிப் பாவிக்கிற பாத்திரத்துக்கு மாறுகிற கடைகளுக்கு, கழுவுகிற மெஷின் வாங்கவும் உதவிப்பணம் கொடுத்தது. பாருங்கோ, நாங்கள் வெட்கப்பட்டு மறைத்த வேலைக்கு ஒரு நகரசபை காசு கொடுக்கிறது!

இனி எங்கட கடைகளுக்கு வருவோம். பிளாஸ்ரிக் கோப்பை, முள்ளுக்கரண்டி, றிஜிபோம் பெட்டி எல்லாம் 2021 ஜூலையில் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்குத் தடை. 2023 ஜனவரியில் இருந்து ஜேர்மனியில் இன்னொரு சட்டம். பிளாஸ்ரிக் பெட்டியில் சாப்பாடு கட்டிக் கொடுக்கிற கடை, திருப்பித் தரக்கூடிய பாத்திரத்தையும் வைத்திருக்கவேண்டும். அதில் வாங்குகிறவரிடம் சாப்பாட்டுக்குக் கூட விலை எடுக்கக்கூடாது. போத்தலுக்கு வாங்குகிற மாதிரி வைப்புப் பணம் மட்டும் வாங்கலாம். கப்பில் குடிவகை விற்றால், அந்தக் கப் கடதாசியாய் இருந்தாலும் இதே சட்டம்தான்.

"எங்கட கடை சின்னது, இது எங்களுக்கு இல்லை" என்று சிலர் சொல்லுவினம். 80 சதுர மீற்றருக்கும் 5 வேலையாட்களுக்கும் மேற்படாத கடைக்கு விலக்கு உண்டு, உண்மை. ஆனால் அந்தக் கடையும், வாடிக்கையாளர் தன் பாத்திரத்தைக் கொண்டுவந்தால் அதில் போட்டுக் கொடுக்கவேண்டும். அதை எல்லாருக்கும் தெரிய எழுதியும் வைக்கவேண்டும். கொத்துரொட்டி வாங்க வீட்டுச் சட்டியோடு போறது எங்களுக்குப் புதிசா? ஊரில் அப்பம் வாங்கவும் பால் வாங்கவும் பாத்திரத்தோடுதானே போனோம்.

பெட்டி மட்டும் இல்லை, சாப்பாடும் குப்பைக்குப் போகிறது. 2022 இல் ஜேர்மனியில் சுமார் 1 கோடியே 8 இலட்சம் தொன் உணவு வீணானது. அதில் ஏறக்குறைய 20 இலட்சம் தொன் றெஸ்ரோரண்ட், கன்ரீன் போன்ற இடங்களில் இருந்து. நான் வேலை செய்த ஒரு குசினியில் ஒவ்வொரு இரவும் வாளி வாளியாய்ச் சோறும் உருளைக்கிழங்கும் கொட்டினோம். பட்டினி தெரிந்து வந்தவனுக்கு அது கையால் செய்ய ஏலாத வேலை. ஒரு வாளி சோற்றைக் கொட்டும்போது அதை விளைவித்த தண்ணீர், அவித்த மின்சாரம், கொண்டுவந்த லொறியின் எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கொட்டுகிறோம்.

இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. மிஞ்சுவதை ஒவ்வொரு நாளும் நிறுத்துப் பார்த்து எழுதிவைத்தால், எந்தக் கறி கூடுது, எந்தக் கிழமை சனம் குறையுது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். முதலில் அளவாய்ப் போட்டு, கேட்டால் திரும்பப் போடலாம். பொரித்த எண்ணெயைச் சிங்கில் ஊற்றாமல் சேர்த்துக் கொடுத்தால் அதில் இருந்து பயோடீசல் செய்கிறார்கள். ஊற்றினால் குழாய் அடைக்கும், அந்தச் செலவு முதலாளிக்குத்தான்.

கடைக்காரரை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. எங்கட கலியாணம், சாமத்தியவீடு, சங்க விழா முடிந்தபின் மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கோ. கறுத்தப் பைகள் மலைபோலக் கிடக்கும். ஊரில் பந்தி முடிந்தால் வாழையிலை மாட்டுக்குப் போகும். இங்கே கடதாசிக் கோப்பையைத் தின்ன மாடு இல்லை.

குப்பைமலை என்றால் என்னவென்று எங்கட நாடு பட்டுத் தெரிந்துகொண்டது. 2017 ஏப்ரல் 14, இதே சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு வீடுகளின் மேல் சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். கைவிசேடம் கொடுக்கிற நாளில் பிணம் தோண்டினார்கள். அந்த வருடம் செப்ரெம்பரில் இலங்கை அரசு லஞ்ச் ஷீற்றையும் றிஜிபோம் பெட்டியையும் தடைசெய்தது. இங்கே குப்பை எங்கட கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதனால் அது இல்லாமல் போனதாகாது.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். 300 எவர்சில்வர் தட்டும் தம்ளரும் வாங்கி வையுங்கோ. ஊரில் வாசிகசாலையில் கிடாரம் வாடகைக்கு எடுத்த மாதிரி, விழா வைக்கிறவர்கள் சிறு வாடகைக்கு எடுக்கட்டும். பல நகரங்களில் கழுவுகிற மெஷினும் பாத்திரமும் பூட்டிய வண்டியே வாடகைக்கு உண்டு. "கெஷிர்மோபில்" என்பார்கள். நகரசபையில் விசாரிக்கலாம். சமையல் ஓடர் எடுக்கிற தம்பிமாரும் "தட்டோடு சேர்த்துத் தாறம்" என்று சொல்லிப் பழகவேண்டும்.

யார் கழுவுறது என்று கேட்பியள். இந்த மண்டபத்தில் கழுவத் தெரியாத ஆம்பிளை யார்? பெண்களிடம் தள்ளாமல் நாங்கள் நிற்போம். எங்கட பிள்ளைகளும் பக்கத்தில் நின்று துடைக்கட்டும். அப்பா இந்த நாட்டில் எந்த வேலையில் தொடங்கினார் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.