முறிந்த திருகாணி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உருவத்தால் மிகச் சிறியது. சுண்டு விரல் பருமனும் இல்லாத ஓர் இரும்புத் துண்டு அது. மோட்டார் வண்டியின் எஞ்சினில் தலை முறிந்து போய், உடல் மட்டும் உள்ளே சிக்கிக்கொண்ட ஒரு திருகாணி. தலை உள்ளதைப் போல்ட்டு என்றும், தலையின்றி இருமுனையிலும் மரை வெட்டப்பட்டதை ஸ்டட்டு என்றும் பட்டறைகளில் வழங்குவர். இதனை வீட்டிலேயே எவ்வாறு எடுப்பது என்பதே இன்றைய பேச்சு.

இதற்கும் ஒரு பேச்சு வேண்டுமா என்று உங்களில் சிலர் நகைக்கலாம். சில ரூபாய் விலையுள்ள அந்தத் துண்டினை அவசரப்பட்டு அகற்றப் புகுவோமாயின், அது இருக்கும் வார்ப்பையே பாழாக்கி விடுவோம். பழைய வண்டியாயின் அவ்வார்ப்பு மறுபடியும் விலைக்குக் கிடைப்பதே அரிது. பயிர் வாடும் காலத்தில் கிணற்று மேட்டிலிருக்கும் டீசல் எஞ்சினுக்கு இக்கதி நேர்ந்தால், ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பே அந்தச் சிறு துண்டில் தொங்கி நிற்கும்.

நான் வாழும் வெள்ளகோவில், கோவையிலிருந்து கரூர் வழியாகத் திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். விசைத்தறியும் எண்ணெய் ஆலையும் கிணற்று மோட்டாரும் நிறைந்த கொங்கு நாட்டில், இயந்திரத்தோடு பழகுதல் ஏர் பிடிப்பதைப் போல இயல்பாகிவிட்ட ஒன்று. இதற்கு வழிகாட்டியவருள் தலையாயவர் ஜி. டி. நாயுடு அவர்கள். கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்த அவர், இளமையில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதனையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றப் புறப்படவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்த்தார். பள்ளிப் படிப்பு நிரம்பாத அவர் 1920-இல் பேருந்துத் தொழிலில் இறங்கியதும், பாலசுந்தரம் நாயுடு அவர்களுடன் சேர்ந்து 1937-இல் மின்மோட்டார் செய்ததும் அந்தக் கழற்றிப் பூட்டலின் தொடர்ச்சியே ஆகும்.

இனி எஞ்சினுக்கு வருவோம். இங்கிலாந்தில் 1962-இல் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டுக் காரைப் படத்திலாவது நீங்கள் கண்டிருக்கலாம். அதன் எஞ்சின் தனியாகப் பிறந்ததன்று. 1953-இல் ஸ்டாண்டர்டு எயிட் என்னும் எளிய குடும்பக் காருக்காக 803 கன சென்டிமீட்டர் கொள்ளளவில் செய்யப்பட்ட நான்கு சிலிண்டர் எஞ்சினே படிப்படியாக வளர்ந்து ஸ்பிட்ஃபயரில் 1147 ஆயிற்று. பின்னர் 1493 வரையிலும் சென்றது. அதே குடும்பத்து எஞ்சினைத் தாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், 1961 முதல் சென்னையில் உருவாயிற்று. ஆகவே நம் ஊர்க் கொட்டகையில் பழைய ஹெரால்டு ஒன்றைப் பழுது பார்ப்பவர், ஒரு விளையாட்டுக் காரின் உடன்பிறப்பைத்தான் தொடுகின்றார். இவ்வகை எஞ்சின்களில் முறிவு அடிக்கடி நேரும் இடம், புகை வெளியேறும் குழாய்த் தொகுதியைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகள்.

ஏன் முறிகின்றது? திருகாணி என்பது ஒரு தண்டின்மேல் சுற்றப்பட்ட சாய்தளமே என்று பௌதிக நூலில் படித்திருப்பீர்கள். அதனை முறுக்கும்போது தண்டு சிறிது நீள்கின்றது. நீண்டது சுருங்க முயல்கின்றது. அந்த இழுவிசையே இரு பகுதிகளையும் சேர்த்துப் பிடிக்கின்றது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழப் பாதி தலையின் அடியில் உராய்வாகவும், பத்தில் நான்கு பங்கு மரையில் உராய்வாகவும் கழிந்து, பத்தில் ஒரு பங்கே தண்டினை நீட்டுவதற்கு உதவுகின்றது. மரையில் துரு ஏறினால் கணக்கு மாறிவிடுகின்றது. துருவானது தான் தின்ற இரும்பைக் காட்டிலும் மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆதலின் மரைகளுக்கிடையே ஆப்புப் போல இறுகும். கழற்ற முயலும் முறுக்கு முழுவதும் தண்டினைத் திருகுவதிலேயே செலவாகி, அது கழுத்தில் அறுந்து போகின்றது. புகைக்குழாய் ஓரத்து ஸ்டட்டு நாள்தோறும் பழுக்கக் காய்ந்து ஆறுவதால், இக்கேடு அதற்கு விரைந்து வருகின்றது.

முறிந்ததும் செய்யவேண்டிய முதற் காரியம், கருவியைக் கீழே வைப்பது. இரண்டு கேள்விகளுக்கு விடை காணவேண்டும். முதலாவது, அது இறுக்கும்போது முறிந்ததா, கழற்றும்போது முறிந்ததா? மரை நன்றாக இருந்து, அளவுக்கு மீறி இறுக்கியதால் முறிந்திருப்பின், தலை போனவுடன் இழுவிசையும் போய்விடும். எஞ்சிய துண்டு உள்ளே தளர்வாகவே இருக்கும். கூரிய முனையால் விளிம்பில் மெல்லத் தட்டி இடஞ்சுழியாக நகர்த்தினால் சில வேளைகளில் கையோடு வந்துவிடும். கழற்றும்போது துருவினால் முறிந்ததாயின், போராட்டம் இனிமேல்தான் தொடங்குகின்றது. இரண்டாவது கேள்வி, துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றதா, மட்டத்தில் இருக்கின்றதா, குழிக்குள் புதைந்திருக்கின்றதா என்பது.

எவ்வாறாயினும் எண்ணெய்க்கும் வெப்பத்துக்கும் முதலில் வாய்ப்புக் கொடுங்கள். துருவை ஊடுருவும் மெல்லிய எண்ணெயை விட்டு ஓர் இரவு காத்திருங்கள். இடையிடையே சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். அந்த அதிர்வு எண்ணெய்க்கு வழி திறக்கும். அடுத்து வெப்பம். ஒரு டிகிரி சூட்டுக்கு எஃகு பத்து லட்சத்தில் 12 பங்கும், அலுமினியம் 23 பங்கும் விரிகின்றன. எட்டு மில்லிமீட்டர்த் துளையுள்ள அலுமினிய வார்ப்பினை 100 டிகிரி சூடேற்றினால், துளை உள்ளிருக்கும் எஃகைவிட ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒன்பது பங்கு கூடுதலாக விரியும். தலைமயிரின் பருமனில் இது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே. எனினும் பிடிப்புத் தளர அது போதும். ஆனால் அலுமினியம் சிவந்து எச்சரிக்காமலே 660 டிகிரியில் உருகிவிடும். மிகுந்த கவனம் வேண்டும். ஹெரால்டின் எஞ்சினோ வார்ப்பிரும்பு. அதுவும் எஃகும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவன. ஆகையால் அங்கே துண்டினை மட்டும் சூடேற்றி ஆறவிட வேண்டும். அது விரிந்து சுருங்கும்போது துரு நொறுங்கும். இளஞ்சூட்டில் மெழுகுவத்தியைத் தொட்டு வைத்தால், உருகிய மெழுகு மரைக்குள் தானே இறங்கி வழுக்கலைத் தரும்.

துண்டு வெளியே நீட்டியிருந்தால் வேலை எளிது. மரை நல்ல நிலையில் இருப்பின் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, கீழ் நட்டினைக் கழற்றும் திசையில் திருப்பலாம். மரை சிதைந்திருந்தால் ஒரு நட்டினை அதன்மேல் வைத்து, நட்டின் துளைக்குள் வெல்டிங் செய்து இரண்டையும் ஒன்றாக்கலாம். புதிய தலை கிடைப்பதோடு, வெல்டிங் சூடே துருவையும் தளர்த்திவிடும். அலுமினிய வார்ப்பில் இது மிகவும் பாதுகாப்பான வழி. ஏனெனில் எஃகின் வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டுவதில்லை. வார்ப்பிரும்பிலோ பக்கத்தில் படாமல் செய்ய அனுபவக் கை வேண்டும். சற்றே வந்து பின் இறுகினால் வலிந்து திருப்பாமல், முன்னும் பின்னுமாக அசைத்து எண்ணெய் விட்டு வாங்க வேண்டும்.

மட்டத்திலோ உள்ளேயோ முறிந்திருந்தால் துளையிட வேண்டும். வெற்றியும் தோல்வியும் இங்கே ஒரு புள்ளியில் அடங்கியுள்ளன. முறிந்த முகத்தை அரத்தால் சமப்படுத்தி, அதன் நடுவில் சென்டர் பஞ்சு கொண்டு குறியிடுங்கள். அந்தக் குறிக்காக அரைமணி நேரம் செலவிட்டாலும் தகும். எட்டு மில்லிமீட்டர்ப் போல்ட்டின் மரையின் அடிப்பகுதி ஏறத்தாழ ஆறரை மில்லிமீட்டர் விட்டமுள்ளது. ஆகவே துளை நடுவிலிருந்து விலகினால் பெரிய துளைப்பான் வார்ப்பின் மரையைத் தின்றுவிடும். மூன்று மில்லிமீட்டரில் தொடங்கிப் படிப்படியாகப் பெருக்க வேண்டும். இடஞ்சுழித் துளைப்பான் கிடைத்தால் மிக நன்று. துளையிடும்போதே அது துண்டினைக் கழற்றும் திசையில் இழுக்கும்.

துளைக்குப் பின் ஈஸி அவுட் என்னும் கருவி வருகின்றது. கூம்பு வடிவும் எதிர்ச் சுழியும் உடைய அது, திருப்பத் திருப்ப உள்ளே கவ்வும். பெயரில் எளிமை இருப்பினும் செயலில் அபாயம் உண்டு. அது மிகக் கடினமான எஃகு. கடினமானது எளிதில் ஒடியும். துளைக்குள் அது ஒடிந்துவிட்டால் சாதாரணத் துளைப்பான் அதன்மேல் ஏறாது. அப்போது மின்பொறியால் உலோகத்தைத் துளித்துளியாக அரிக்கும் இயந்திரத்தை நாட வேண்டிவரும். சோவியத் நாட்டு அறிஞர் லாசரெங்கோ இருவர் 1943-இல் உருவாக்கிய முறை அது. ஆகவே வெப்பத்துக்கு அசையாத துண்டினை ஈஸி அவுட்டால் வெல்ல நினைப்பது தவறு. கை கனத்தவுடன் நிறுத்திவிடுங்கள்.

அப்போது எஞ்சிய வழி, எட்டு மில்லிமீட்டர் மரைக்குரிய 6.8 மில்லிமீட்டர் அளவுக்குத் துளையைப் பெருக்கி, தோல் போல எஞ்சும் இழைகளை டேப்பினால் சுரண்டி எடுப்பது. வார்ப்பின் மரை கெட்டிருந்தால், பெரிய மரை வெட்டி ஹெலிகாயில் என்னும் கம்பிச்சுருளைச் செருகிப் பழைய அளவையே மீட்கலாம். கடிகாரம் பழுது பார்ப்போர் பித்தளைத் தட்டில் முறிந்த எஃகுத் திருகைப் படிகாரக் கரைசலில் ஊறவைத்துக் கரைத்து விடுவர். படிகாரம் எஃகைத் தின்னும், பித்தளையை விட்டுவிடும். வீட்டில் நீர் தெளியவைக்கும் பொருளுக்குள் இப்படியும் ஓர் இரசாயனம் இருக்கின்றது.

சில எச்சரிக்கைகள். கண்ணாடி அணியாமல் துளையிடாதீர்கள்; இரும்புத் தூள் பறித்த பார்வை திரும்பி வராது. நெருப்பைத் தொடுமுன் பெட்ரோல் வாடையே இல்லாதவாறு செய்யுங்கள். வெல்டிங்கிற்கு முன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். திறந்த துளைகளைத் துணியால் அடையுங்கள். புதிய ஸ்டட்டைப் போடுமுன் மரையைத் துடைத்து, சூட்டைத் தாங்கும் மசகு தடவி, முறுக்களவு காட்டும் ஸ்பானரால் நூலிற் கண்ட அளவுக்கே இறுக்குங்கள். பழைய ஆங்கில வண்டிகள் அங்குலக் கணக்கின. அவற்றில் மில்லிமீட்டர்த் திருகை வலிந்து ஏற்றுவது, மீண்டும் ஒரு முறிவுக்கு விதை போடுவதாகும்.

என்னிடம் பயின்ற ஒருவர் தம் தந்தையாரின் பழைய காரில் இத்தகைய ஸ்டட்டு ஒன்றை எடுத்தார். முதல் நாள் எண்ணெய் மட்டும் விட்டார். இரண்டாம் நாள் சூடேற்றிப் பார்த்தார், அசையவில்லை. மூன்றாம் நாள், தம் கையிலிருந்த துளைப்பான் நேராக நிற்காது என்று கண்டு, வார்ப்பையே கழற்றிக் கடைசல் பட்டறைக்கு எடுத்துச் சென்றார். அங்கே கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அவர் தோற்றார் என்று நான் கருதவில்லை. தம் கருவியின் எல்லையை அறிந்து, பொருளைக் கெடுக்குமுன் நிறுத்தினார். அதனால் அந்த எஞ்சின் பிழைத்தது.

ஒரு செய்தி மட்டும் சொல்லி முடிக்கின்றேன். உராய்வும் வெப்ப விரிவும் துருவின் இரசாயனமும் நீங்கள் தேர்வுக்காகப் படிப்பவை. அவை மூன்றும் ஒரு விரற்கடைத் துளைக்குள் கூடி நின்று உங்களிடம் கேள்வி கேட்கும் நாள் ஒன்று வரும். மரை கழன்றவன் என்று பிறரை எள்ளுவது எளிது. கழலாத மரையைக் கழற்றக் கற்பது கடினம். கடினமானதைக் கற்றுக்கொள்ளுங்கள்.