தஞ்சை அரண்மனையும் ஊர்ச்சனம் விடாத பிரம்மாவும்

(எமது சங்கத்தின் கலைமாலையில், ஹரோவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாரியில் மகளை பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனனான். அங்கே சோழர் காலத்துச் செப்புச் சிலையைக் கண்டவுடன், "அப்பா, இது யாற்றை சாமி?" என்று கேட்டாள். எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. அதைத் தேடிப் போய்த்தான் தஞ்சாவூர் அரண்மனையில் வந்து நின்றேன்.

அந்த அரண்மனையை 16ஆம் நூற்றாண்டில் நாயக்க மன்னர்கள் கட்டத் தொடங்கினார்கள். 1676க்குப் பிறகு மராட்டிய மன்னர்கள் அதைப் பெருப்பித்தார்கள். கூடகோபுரம் என்கிற ஆயுத கோபுரம் மட்டும் 190 அடி உயரம். சரஸ்வதி மகால் நூலகமும் அந்த வளவுக்குள்தான். 1855இல் மன்னர் ஆண்வாரிசு இல்லாமல் இறக்க, வெள்ளைக்காரன் அரசை எடுத்துக்கொண்டான். நாயக்கர் தர்பார் மண்டபத்தில் சரபோஜி மன்னர் கும்பிட்ட கையோடு வெள்ளைச் சலவைக்கல்லில் நிற்கிறார். அதைச் செய்தவர் எங்கட லண்டனில் இருந்த ஃபிளாக்ஸ்மன்.

அது கலைக்கூடமான கதைதான் எனக்குப் பிடித்தது. 1951இல் கரந்தையில் கிடந்த ஒரு பிரம்மா சிலையை கல்கத்தா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகக் கேட்டார்கள். ஊர்ச்சனம் விடவில்லை. எங்கட சிலை எங்கட ஊரிலேயே இருக்கட்டும் என்று நின்றார்கள். அதற்குப் பிறகுதான் கலெக்டர் பழனியப்பன் அரண்மனையிலேயே கலைக்கூடத்தைத் தொடக்கினார். ஊர் ஊராகக் கேட்பாரற்றுக் கிடந்த கற்சிலைகளும், மண்ணுக்குள் இருந்து எடுத்த செப்புச் சிலைகளும் அங்கே வந்து சேர்ந்தன.

திருவெண்காட்டுச் சிவனை அங்கே பார்க்க வேணும். 1011இல் வார்த்தது. பக்கத்தில் நிற்கிற அம்மன் அடுத்த வருசம் செய்தது. சடையைத் தலைப்பாகை மாதிரிச் சுற்றி, கால்மாறிச் சாய்ந்து நிற்கிறார். வலக்கை காளையின்மேல் ஊன்றினபடி. ஆனால் காளை இல்லை, அது கிடைக்கவேயில்லை. கை வெறும் காற்றில். அப்படி நின்றும் என்ன சிரிப்பு!

இனி லண்டனுக்கு வருவோம். 1976இல் தஞ்சை மாவட்டம் பத்தூரில், பாழடைந்த கோயிலடியில் ஒரு கூலித் தொழிலாளி மண் தோண்ட, நடராசர் வெளிப்பட்டார். கைமாறிக் கைமாறி இங்கே வந்துவிட்டார். கனடாக் கொம்பனி ஒன்று 1982இல் இரண்டரை லட்சம் பவுணுக்கு வாங்கி, திருத்த பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பியிருந்த நேரம் பொலிஸ் பிடித்தது. வழக்கு வருசக்கணக்காய் இழுபட்டது. கோயில் ஒரு ஆளாக வந்து வழக்காடலாமா என்பதுதான் கேள்வி. கூரையில்லை, பூசையில்லை, கல்லுக்குவியல். ஆடலாம், சிலை அதற்குரியது என்று 1988இல் தீர்ப்பு வந்தது. 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அந்த வருசமே நடராசர் ஊர் திரும்பினார்.

மகளுக்கு இப்ப மறுமொழி சொல்லிவிட்டேன். நல்லூரில் சங்கிலியன் தோப்பையும் மந்திரிமனையையும் படத்தில் காட்டினேன். அங்கே என்ன வைத்திருக்கினம் என்று திரும்பவும் கேட்கிறாள். இந்தச் சபையில் நல்லூரார் இருந்தால் பேச்சு முடிய என்னோடு கதையுங்கோ.