"என் பிள்ளை நடப்பானா?"

(ஆதரவாளர்கள் கூடுகையில், எங்கள் குழந்தைகள் பயிற்சிப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



பெருமூளை வாதம் உள்ள சிறு பிள்ளைகளுக்காக நீங்கள் ஏறெடுக்கும் ஜெபங்களுக்காகவும், அனுப்பும் காணிக்கைகளுக்காகவும் முதலாவது கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

எங்களிடம் வரும் தாய்மார் ஏறக்குறைய எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "சிஸ்டர், என் பிள்ளை நடப்பானா?" உங்கள் கடிதங்களிலும் அதே கேள்வி வருகிறது. அதற்கு உண்மையான பதிலை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கர்ப்பத்திலோ, பிரசவத்திலோ, பிறந்த சில காலத்திலோ வளரும் மூளைக்கு ஏற்படும் சேதமே இந்நோய். குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத்திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை காரணமாகலாம். அந்தச் சேதம் நாளுக்கு நாள் பெருகுவதில்லை. அதை அழிக்க மருந்தும் இல்லை. அது தாய் செய்த பாவத்தின் பலனும் அல்ல. பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, நம் ஆண்டவர் அந்த எண்ணத்தையே தள்ளிவிட்டார் அல்லவா?

1997-ல் கனடா நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்பிள்ளைகளின் அசைவுத்திறனை ஐந்து நிலைகளாக வகுத்தார்கள். முதல் நிலைப் பிள்ளை தாங்கலின்றி நடக்கும். ஐந்தாம் நிலைப் பிள்ளைக்குத் தலையை நிமிர்த்தி வைப்பதே பிரயாசம். 657 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து அவர்கள் 2002-ல் வெளியிட்ட முடிவு முக்கியமானது. ஒரு பிள்ளை அடையக்கூடிய திறனில் 90 சதவீதத்தை, லேசான நிலையில் சராசரியாக ஐந்து வயதுக்குள்ளும், மிகக் கடுமையான நிலையில் மூன்று வயதுக்குள்ளும் அடைந்துவிடுகிறது. இரண்டு வயதுக்குள் தானாக உட்காரும் பிள்ளை பெரும்பாலும் நடக்கும். நான்கு வயதிலும் உட்கார முடியாத பிள்ளை தனியே நடப்பது மிக அரிது.

ஆகவே, எல்லாப் பிள்ளைகளும் நடப்பார்கள் என்று சொல்லி உங்களிடம் காணிக்கை வாங்க எங்களுக்கு மனமில்லை.

அப்படியானால் எங்கள் வேலை என்ன? மூளையின் சேதத்தை மாற்ற முடியாது. ஆனால் பிள்ளையின் வளர்ச்சியைத் தடுக்கும் மற்ற பல காரியங்களை மாற்றலாம். விறைத்த தசைகள் சுருங்கிப்போகாமல் காக்கலாம். வலிப்பை அடக்கலாம். கண்ணையும் காதையும் சோதிக்கலாம். மெலிந்த பிள்ளைக்குப் போஷாக்குக் கொடுக்கலாம். பெலனில்லாத உடம்பு எதைக் கற்றுக்கொள்ளும்? ஜெபித்துவிட்டோம் என்று வலிப்பு மாத்திரையை நிறுத்துகிற பெற்றோரிடம், ஜெபமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்று அன்பாய்ச் சொல்லுகிறோம்.

எல்லாவற்றிலும் பெரிய காரியம், வீட்டில் அப்பிள்ளை நாள் முழுவதும் எப்படி இருக்கிறது என்பதே. இதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கே காலம் பிடித்தது. மூன்று வயது மகனோடு பீடி சுற்றும் தாய் ஒருவர் வந்தார். பத்துப் பன்னிரண்டு பயிற்சிகளைத் தாளில் எழிதிக் கொடுத்தனுப்பினோம். மறுமாதம் ஒன்றும் செய்யாமல் வந்தார். கடிந்துகொண்டோம். அவர் அழுதுகொண்டே, "பீடி சுத்தாம எப்படி சிஸ்டர்? ஒரு நாள் சுத்தலைன்னா அன்னைக்கு அடுப்பு எரியாது" என்றார். எங்களுக்கு வெட்கமாயிற்று.

அதன்பின் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். பிள்ளை காலை முதல் மாலை வரை பாயில் மல்லாந்து கிடந்தான். கண்ணுக்குத் தெரிந்தது கூரை மட்டுமே. படுத்தபடியே கஞ்சி ஊட்டியதால் அடிக்கடி புரையேறி, சளி கட்டியிருந்தது. ஊர்த் தச்சரைக் கொண்டு, மூலையில் சாய்ந்து உட்காரும்படி சிறு மர ஆசனம் செய்து, தாயின் முறத்துக்கு எதிரே வைத்தோம். நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டச் சொன்னோம். தூக்கும்போது கைக்குழந்தையைப்போல் மடியில் கிடத்தாமல், நம் பாட்டிமார் வழக்கப்படி கால்களை அகற்றி இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். கத்தரிபோல் பின்னிக்கொள்ளும் கால்களுக்கு அதுவே நல்ல பயிற்சி. இவற்றுக்காக அவர் பீடி சுற்றுவதை நிறுத்த வேண்டியதில்லை.

சில மாதங்களில் பிள்ளை எடை கூடினான். தலை நின்றது. ஒருநாள் தாயின் முறத்திலிருந்து ஓர் இலையைக் கைநீட்டி இழுத்தான். திட்டவேண்டிய தாய் ஆனந்தக் கண்ணீர் விட்டார். அவன் இன்றும் நடக்கவில்லை. ஆனால் உட்காருகிறான், தானே சாப்பிடுகிறான், சக்கர நாற்காலியில் பள்ளிக்கூடம் போகிறான்.

பிரியமானவர்களே, திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்து வந்தார்கள். வழியில்லாதபோது கூரையைப் பிரித்து வழி உண்டாக்கினார்கள். உங்கள் காணிக்கை மர ஆசனமாகவும், காலணியாகவும், ஒருநாள் கூலியை இழந்து வரும் தாயின் பஸ் செலவாகவும் மாறுகிறது. சீக்கிரமாய் வரும் பிள்ளைக்கே அதிகம் செய்ய முடியும். ஆகையால் உங்கள் சபையில், எட்டு ஒன்பது மாதமாகியும் உட்காராத பிள்ளையைக் கண்டால், "தானாய்ச் சரியாகும்" என்று காத்திராமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இனி இப்பிள்ளைகளுக்காக ஜெபிக்கும்போது, நடக்கவேண்டும் என்று மட்டும் கேளாதிருங்கள். புரையேறாமல் சாப்பிடவும், நிமிர்ந்து உட்காரவும், சுமக்கிற தாய் சோர்ந்துபோகாதிருக்கவும் கேளுங்கள். கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.