ஆஸ்துமா என்று நினைத்த கட்டி
(சனத்நகரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

நான் டாக்டர் இல்லை. என் தங்கை பெண்ணுக்கு நேர்ந்ததை, அவள் சம்மதத்துடன் சொல்கிறேன்.

அவளுக்கு வயது 34. சிகரெட் பழக்கம் உள்ளவர் யாரும் வீட்டில் கிடையாது. மூன்று வருஷமாக இருமல், மூச்சு விடும்போது விசில் சத்தம். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். சனத்நகர்வாசிகளுக்குத் தொழிற்பேட்டைப் புகை மேல் பழி போடுவது சுலபம், நாங்களும் போட்டோம். வலது மேல்பகுதியில், ஒரே இடத்தில், இரண்டு தடவை நிமோனியா வந்தது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். அப்புறம் ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம். எர்ரகட்டா செஸ்ட் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே குடியிருப்பவர்களுக்கு உடனே டி.பி. பயம்தான்! சளியில் கிருமி இல்லை. சி.டி. ஸ்கேனில் மூச்சுக்குழாயை அடைத்தபடி உருண்டையாய் ஒரு கட்டி.

பிராங்காஸ்கோப்பில் பார்த்தபோது வழவழப்பாக, சிவப்பாக இருந்ததாம். ரத்த ஓட்டம் அதிகமுள்ள கட்டியாதலால் டாக்டர் ஜாக்கிரதையாகத் துளி சதை எடுத்தார். பரிசோதனைக் கூடத்தின் முடிவு: ஸ்மால் செல் கான்சர். அதற்கு முக்கிய வைத்தியம் கீமோதெரபி. ஆபரேஷனுக்கு இடம் மிகக் குறைவு. அன்று வீட்டில் யாரும் உலை வைக்கவில்லை.

டாக்டருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. புகைபிடிக்காத இளம் பெண். மூன்று வருஷம் மெதுவாக வளர்ந்த கட்டி. ஸ்மால் செல் அத்தனை காலம் பொறுக்காது என்றார். ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டையையும் வேறொரு பெத்தாலஜி நிபுணரிடம் அனுப்பச் சொன்னார். துளி சதை இடுக்கியில் நசுங்கினால் கார்சினாய்ட் செல்களும் ஸ்மால் செல் மாதிரியே தோன்றுமாம். குரோமோகிரானின், சினாப்டோஃபிசின் சாயங்கள் இரண்டிலுமே பிடிக்கும். பிரித்துக் காட்டுவது கே.ஐ.-67 என்ற சோதனை: ஸ்மால் செல்லில் மிக அதிகம், கார்சினாய்டில் குறைவு. இவளுக்குக் குறைவாகவே இருந்தது.

1907-ல் ஓபர்ன்டார்ஃபர் என்ற ஜெர்மானியர் "கான்சர் போன்றது" என்ற பொருளில் கார்சினாய்ட் என்று பெயர் வைத்தார். பெயரைக் கேட்டு அலட்சியமாக இருக்கக் கூடாது. இதுவும் பரவக் கூடியதே. 2 சதுர மில்லிமீட்டரில் பிளவுபடும் செல்கள் இரண்டுக்குக் கீழே, அழுகிய பகுதியும் இல்லை என்றால் சாதாரண வகை. அதற்கு மேல் பத்து வரை என்றாலோ, அழுகல் இருந்தாலோ மற்ற வகை. துளி சதையில் இதை நிச்சயமாக எண்ண முடியாது. முழுக் கட்டியும் வெளியே வந்தால்தான் தெரியும். வழக்கமான சர்க்கரை பெட் ஸ்கேனில் இது மங்கலாகத் தெரியலாம் என்பதால் கேலியம் டோட்டாடேட் ஸ்கேனும் எடுத்தோம். வேறெங்கும் பரவவில்லை.

நோயின் பெயர் முன்னாடியே தெரிந்ததால் சர்ஜன் வலது நுரையீரல் முழுவதையும் எடுக்கவில்லை. மேல் மடலோடு மூச்சுக்குழாயில் ஒரு துண்டை வெட்டி, மீதியை ஒட்டித் தைத்தார். நெறிக்கட்டிகளையும் எடுத்துப் பார்த்தார்கள். சாதாரண வகைதான். இப்போது வருஷா வருஷம் ஸ்கேன், அவ்வளவே.

மெழுகுக் கட்டையை வாங்க நாங்கள் ஐந்து நாள் அலைந்தோம். நோயாளி தரப்பில் எழுதிக் கொடுத்துக் கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. அந்தக் கடிதத்தின் நகல் என் பையில் இருக்கிறது. வேண்டியவர்கள் காபி வேளையில் வாங்கிக்கொள்ளுங்கள்.