கேசினோ: ஆசையின் கணக்கும் சமூகம் செலுத்தும் விலையும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கோவாவின் தலைநகர் பனாஜியில் மாலை வேளையில் மாண்டவி ஆற்றங்கரைக்குச் செல்வோரின் கண்ணில் ஆற்றுக்கு முன்னதாகவே படுபவை, அதில் நங்கூரமிட்டு நிற்கும் கேசினோ கப்பல்களின் வண்ண விளக்குகள். நாட்டின் பல நகரங்களிலிருந்து வார இறுதியில் வந்து சேர்வோரைச் சிறு படகுகள் அக்கப்பல்களுக்கு ஏற்றிச் செல்கின்றன. நுழைவுக் கட்டணத்திலேயே உணவும் மதுவும் அடங்கிவிடுகின்றன. கட்டணத்தின் ஒரு பகுதி, ஆடுவதற்கான சில்லுகளாகக் கையில் தரப்படுகிறது. முதல் பந்தயம் இலவசம் என்ற எண்ணத்தோடுதான் ஒருவர் மேசையின் முன் அமர்கிறார்.

சூதாட்டத்தைத் தனிமனிதரின் தீய பழக்கம் என்று கண்டித்துவிட்டு நகர்வது எளிது. இடதுசாரி இயக்கத்திற்கு அது போதாது. மக்கள் ஏன் ஈர்க்கப்படுகின்றனர், இலாபம் எங்கே குவிகிறது, இழப்பு யார் தலையில் விழுகிறது, அரசு எப்பக்கம் நிற்கிறது என்னும் கேள்விகளுக்கு விடை தேடியாக வேண்டும்.

சட்டமே திறந்த கதவு

பிரிட்டிஷ் ஆட்சி 1867ஆம் ஆண்டில் பொதுச் சூதாட்டச் சட்டத்தை இயற்றியது. விடுதலைக்குப் பின் அரசியலமைப்புச் சட்டம், பந்தயத்தையும் சூதாட்டத்தையும் மாநிலப் பட்டியலில் 34ஆவது இனமாக வைத்தது. சூதாட்டத்தை வணிகமாகக் கருதி அடிப்படை உரிமை கோர முடியாது என்று உச்சநீதிமன்றம் 1957இல் சமர்பாக்வாலா வழக்கில் தீர்ப்பளித்தது.

கோவாவிலும் 1976ஆம் ஆண்டின் சட்டம் சூதாட்டத்தைத் தடை செய்யவே பிறந்தது. தாராளமயத்தின் தொடக்க ஆண்டுகளில் அச்சட்டத்திலேயே துளைகள் இடப்பட்டன. 1992இல் செய்த திருத்தம் ஐந்து நட்சத்திர விடுதிகளில் ஸ்லாட் இயந்திரங்களை அனுமதித்தது. 1996இல் செய்த திருத்தம் கப்பல்களில் மேசைச் சூதாட்டங்களுக்கு வழிவிட்டது. சுற்றுலாவின் பெயரால் நுழைந்த விதிவிலக்கு, நாளடைவில் ஒரு பெருந்தொழிலாக வளர்ந்தது. காங்கிரஸ் ஆட்சியில் கேசினோக்களை எதிர்த்துப் போராடிய பாரதிய ஜனதா கட்சி, 2012 முதல் ஆட்சியில் இருந்துவருகிறது. மாண்டவியிலிருந்து கப்பல்களை அகற்றுவோம் என்ற வாக்குறுதி பலமுறை அளிக்கப்பட்டது. அவை அங்கேயே நிற்பதற்கான அனுமதியும் பலமுறை நீட்டிக்கப்பட்டது.

சக்கரத்தின் கணக்கு

கேசினோ முதலாளி தன் ஆட்டக்காரர்களை ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை. கணக்கு அவனுக்காக உழைக்கிறது. ஐரோப்பிய வகை ரூலெட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்களும் ஒரு சுழியமும் சேர்ந்து 37 குழிகள் உள்ளன. ஓர் எண்ணின் மீது 100 ரூபாய் வைத்து வென்றவருக்குப் பந்தயப் பணத்தோடு 35 மடங்கு கிடைக்கிறது; கைக்கு வருவது 3,600 ரூபாய். முப்பத்தேழு எண்களின் மீதும் நூறு நூறாக வைத்தால் 3,700 ரூபாய் செலவாகும். எந்த எண் விழுந்தாலும் 100 ரூபாய் விடுதியினுடையது. நூற்றுக்கு ஏறத்தாழ 2.7 ரூபாய் என்பது சிறிய விகிதமாகத் தோன்றலாம். பத்தாயிரம் ரூபாயோடு வருபவர், வென்றதையும் மீண்டும் மீண்டும் பந்தயமாக்கி, ஓர் இரவில் மொத்தம் ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆடிவிடுகிறார் என்று கொள்வோம். சராசரியாக அவர் கொண்டுவந்த பணத்தில் கால் பங்குக்கு மேல், அதாவது 2,700 ரூபாய் கரைந்துவிடும். ஒருவர் வெல்லலாம்; ஆயிரம் பேர் சேர்ந்து வெல்ல முடியாது.

ஈர்ப்பு எங்கிருந்து பிறக்கிறது?

இந்தக் கணக்கை அறிந்தவர்களும் ஆடுகிறார்களே, ஏன்? உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் ஒரு விடையைத் தருகின்றன. இத்தனை முறை கொத்தினால் இரை என்ற ஒழுங்கு இல்லாமல், எப்போது வரும் என்றே தெரியாதபடி இரை வந்தபோது, புறாக்கள் விடாமல் கொத்திக்கொண்டே இருந்தன. ஸ்லாட் இயந்திரத்தின் இயக்கமும் இதுவே. ஒரே வரிசையில் விழவேண்டிய மூன்று படங்களில் இரண்டு விழுந்து மூன்றாவது தவறும்போது, ஆடுபவர் அதைத் தோல்வியாக உணர்வதில்லை. வெற்றியை நெருங்கியதாகவே உணர்கிறார். உலக சுகாதார நிறுவனம் சூதாட்ட அடிமைத்தனத்தை நோய்களின் பட்டியலில் சேர்த்துள்ளது.

திருக்குறளில் ‘சூது’ அதிகாரம், ‘கள்ளுண்ணாமை’க்கும் ‘மருந்து’க்கும் இடையில் அமைந்திருப்பது இங்கு எண்ணத்தக்கது. கல்வியும் மேதைமையும் இதற்குக் காப்பாவதில்லை. தன் நூல்களின் உரிமையைப் பதிப்பாளரிடம் பல ஆண்டுகளுக்கு இழந்துவிடும் நெருக்கடியில், 1866இல் 26 நாட்களில் ‘சூதாடி’ நாவலைச் சொல்லி எழுதுவித்த தஸ்தயேவ்ஸ்கி, அதன் பின்னும் பல ஆண்டுகள் ரூலெட் மேசையை விட்டு மீளவில்லை.

எனினும் உளவியல் பாதி விடையே. உழைப்பால் வாழ்வு உயரும் என்ற நம்பிக்கை தேயும் காலத்தில் அதிர்ஷ்டத்தின் மீதான நம்பிக்கை வளர்கிறது. நிலையான வேலை இல்லை, ஊதியம் உயர்வதில்லை, வீடும் மருத்துவமும் கல்வியும் எட்டாத விலைக்குப் போய்விட்டன. ஒரே இரவில் எல்லாம் மாறிவிடும் என்ற கனவு அங்கேதான் விலை போகிறது. பங்குச் சந்தையைக் கேசினோவோடு ஒப்பிட்டுக் கெயின்ஸ் 1936இலேயே எழுதினார். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குச் சந்தையின் எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் பணத்தை இழந்தனர் என்று செபியின் ஆய்வே கூறுகிறது. அவர்களின் மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. கேசினோ என்பது இந்தப் பொருளாதாரத்திற்கு வெளியே முளைத்த விஷச்செடி அன்று. அதன் முகத்தைக் காட்டும் கண்ணாடி.

விலை கொடுப்பவர் யார்?

இழந்த பணத்தை மீட்கும் வெறியில் நகை அடகுக்குப் போகிறது. பிறகு வண்டி, பிறகு வீட்டுப் பத்திரம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி பந்தய உடன்படிக்கை செல்லாது. ஆகவே சூதாட்டக் கடனை வசூலிப்பவன் நீதிமன்றத்தை நாடுவதில்லை, மிரட்டலை நாடுகிறான். தருமன் பணயம் வைத்தபோது சபையில் இழுத்து நிறுத்தப்பட்டவள் பாஞ்சாலி. ஆடியவர் ஒருவர், இழந்தவர் வேறொருவர் என்ற அந்த அநீதி இன்றும் மாறவில்லை. பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளையும், வீட்டுச் செலவுக்குக் கடன் தேடி அலையும் மனைவியும் எந்தக் கேசினோவின் கணக்கேட்டிலும் இடம்பெறுவதில்லை.

இந்தத் தீங்கை அரசு அறியாமலில்லை. 2020 பிப்ரவரி முதல் கோவா மக்கள் கேசினோக்களில் சூதாடத் தடை உள்ளது. சிக்கிமிலும் உள்ளூர் மக்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. நேபாளத்தில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு அனுமதி இல்லை, இந்தியர்களுக்கு உண்டு. தன் மக்களுக்கு நஞ்சு என்று அறிந்ததை அண்டை வீட்டாருக்கு விருந்தாகப் பரிமாறும் கொள்கைக்குச் சுற்றுலா வளர்ச்சி என்று பெயர் சூட்டப்பட்டுள்ளது.

வருவாய் என்னும் வாதம்

சுரங்கத் தொழில் 2012இலும் 2018இலும் நின்றுபோனபின், கேசினோ வருவாய் இல்லாமல் கோவா நிமிர முடியாது என்கின்றனர். ஒன்றிய அரசின் நிலையோ முரண்பாடு நிறைந்தது. 2025 ஆகஸ்டில் இணையவழிப் பணச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அடுத்த மாதமே கேசினோக்கள் மீதான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்தது. கைப்பேசியில் குற்றமானது கப்பலில் வரி செலுத்தும் தொழிலாகத் தொடர்கிறது. ஒரு தீமையின் வருமானத்தில் பங்கு பெறும் அரசுக்கு அத்தீமை குறைவதில் அக்கறை இருக்குமா? பெரும் செல்வந்தர் மீது செல்வ வரி விதிக்கத் துணியாத அரசு, தோற்றவர்களின் சட்டைப்பையில் வருவாயைத் தேடுகிறது.

மக்கள் தலையிட்டால் நிலைமை மாறும் என்பதற்கும் சான்று உண்டு. மேகாலயாவில் கேசினோக்களுக்கு வழிவகுத்த 2021ஆம் ஆண்டின் சட்டத்தை, மக்களின் எதிர்ப்புக்குப் பின் அரசு திரும்பப் பெற்றது. 1976 முதல் நடைமுறைக்கு வராமலே கிடந்த கேசினோ சட்டத்தை மகாராஷ்டிரம் 2023இல் நீக்கியது.

இயக்கத்தின் கடமை

கேசினோக்களை மூடினால் அங்கு வேலை செய்வோரின் கதி என்ன என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது. சீட்டுப் போடுபவர்கள், சமையல்காரர்கள், படகோட்டிகள், துப்புரவுத் தொழிலாளர்கள் ஆகியோர் இத்தொழிலின் முதலாளிகள் அல்லர். இரவுப் பணியும், ஒப்பந்த வேலையும், நிறைந்த புகையுமே அவர்கள் பெற்றது. அவர்களை எதிரணியில் நிறுத்தும் எந்தப் போராட்டமும் வெல்லாது. எனவே கோரிக்கைகள் ஒன்றோடொன்று இணைந்தே எழவேண்டும்:

புதிய உரிமங்கள் வழங்கக் கூடாது. மாண்டவியிலிருந்து கப்பல்களைக் காலவரையறையுடன் அகற்ற வேண்டும். தொழிலாளர்களுக்கு மாற்று வேலையும், அதுவரை ஊதியப் பாதுகாப்பும், சங்கம் அமைக்கும் உரிமையும் உறுதி செய்யப்பட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சூதாட்ட அடிமைத்தனத்திற்கு இலவசச் சிகிச்சை வேண்டும். விளம்பரங்கள் தடை செய்யப்பட வேண்டும்.

தோழர்கள் தத்தம் பகுதிகளில் செய்யவேண்டிய பணியும் உண்டு. சூதாட்டக் கடனில் சிக்கிய குடும்பம் பெரும்பாலும் வெட்கத்தால் வாய்மூடிக் கிடக்கிறது. மாதர் அமைப்புகளும் வாலிபர் அமைப்புகளும் அக்குடும்பங்களின் கதவைத் தட்டிப் பேச வேண்டும். மிரட்டி வசூலிப்போருக்கு எதிராகப் புகார் அளிக்கத் துணை நிற்க வேண்டும். கிளைக் கூட்டங்களில் ரூலெட் சக்கரத்தின் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். கூட்டலும் கழித்தலும் தெரிந்த எவரும் அதைப் புரிந்துகொள்வர்.