சான்றிதழும் அமானிதமே

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் தொடங்குகிறோம். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

இவ்வாண்டு நம் மஹல்லாவின் இளைஞர் ஒருவர் சி.சி.ஐ.இ. எனப்படும் கணினி வலையமைப்புத் தேர்வில் தேறியுள்ளார். அல்ஹம்துலில்லாஹ்! தம் பெயரை மேடையில் கூற வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஆகவே பெயரை விடுத்து, அந்த வெற்றி வந்த வழியை மட்டும் உங்கள் முன் வைக்கிறோம். நாம் மத்ரஸாவில் ஓதியவர்கள். கணினி நமக்குரிய கலையன்று. அவரிடம் அமர்ந்து கேட்டறிந்ததையே கூறுகிறோம்.

நம் அண்ணனூரிலிருந்து ரயிலில் மேற்கே செல்வோர் அரக்கோணத்தை அறிவர். காட்பாடிக்கு ஒரு வழி, ரேணிகுண்டாவுக்கு ஒரு வழி, செங்கற்பட்டுக்கு ஒரு வழி எனப் பாதைகள் அங்கே பிரிகின்றன. நாம் கைப்பேசியில் அனுப்பும் செய்தியும் துண்டு துண்டாகப் பிரிந்து, இத்தகைய பல சந்திப்புகளைக் கடந்தே சென்று சேர்கிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் வழிகாட்டி நிற்கும் கருவிக்கு ரூட்டர் என்று பெயர். தன்னுடன் இணைந்த பாதைகள் எவை என்பதை ஒரு ரூட்டர் அடுத்த ரூட்டருக்கு அறிவிக்கிறது. அந்த அறிவிப்புகளைக் கொண்டு மிகக் குறுகிய வழியைக் கணக்கிடுகிறது. அக்கணக்கு முறை 1959இல் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர் வெளியிட்டது. இத்தகைய கணக்கு முறைகளுக்கு வழங்கும் ‘அல்காரிதம்’ என்ற சொல்லோ, நம் முன்னோரான அல்குவாரிஸ்மீ அவர்களின் பெயரிலிருந்து பிறந்தது.

இந்த அறிவிப்பில் பிழை நேர்ந்தால் என்னவாகும்? 2008 பிப்ரவரி 24 அன்று, தன் நாட்டுக்குள் மட்டும் யூடியூபைத் தடுக்க முனைந்தது பாகிஸ்தான் தொலைத்தொடர்பு நிறுவனம். அதற்காகச் செய்த வழி அறிவிப்பு எல்லை கடந்து பரவியதால், உலகின் பல பகுதிகளில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் யூடியூப் கிடைக்கவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியதை நீங்களே அறிவீர்கள். பராமரிப்புப் பணியின்போது இடப்பட்ட ஒரே ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் உள் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்துவிட்டதே அதற்குக் காரணம். இப்பணியில் அமர்பவரின் கையில் எத்துணை பேருடைய காரியங்கள் ஒப்படைக்கப்பட்டுள்ளன என்பதைச் சிந்தியுங்கள்!

அக்கைகளைச் சோதிப்பதற்காகவே சிஸ்கோ நிறுவனம் 1993இல் சி.சி.ஐ.இ. தேர்வைத் தொடங்கியது. முதலில் இரண்டு மணி நேர எழுத்துத் தேர்வு. அதில் தேறியவர் எட்டு மணி நேரச் செய்முறைத் தேர்வுக்கு அமர வேண்டும். 2020 முதல் இதில் மூன்று மணி நேரம் வலையமைப்பைத் திட்டமிடுவதற்கும், ஐந்து மணி நேரம் அதனை அமைத்துப் பழுது நீக்குவதற்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. தேறியவருக்கு ஓர் எண் வழங்கப்படும். அந்த வரிசை 1024இல் தொடங்குகிறது. அம்முதல் எண்ணை மனிதர் எவருக்கும் அளிக்காமல் தேர்வுக்கூடத்திற்கே அளித்தனர். வேலூர் பாகியாத்தில் ஸனது பெற்றவர் பெயருக்குப் பின் ‘பாகவி’ என்று எழுதுவதைப் போல, இவர்களும் பெயருடன் அந்த எண்ணை எழுதிக்கொள்கின்றனர்.

நம் இளைஞர் பஜ்ர் தொழுதபின் இரண்டு மணி நேரமும், பணி முடிந்து வந்தபின் இரவிலும் பயின்றார். உண்மையான ரூட்டர்கள் விலை மிக்கவை. ஆகவே ஒரே கணினிக்குள் பல ரூட்டர்களை இயக்கிப் பார்க்க உதவும் ஜி.என்.எஸ்.3 என்னும் மென்பொருளில் பழகினார். ஒரு வலையமைப்பைத் தாமே அமைப்பார்; தாமே அதைக் கெடுப்பார்; எங்கே கெட்டது என்று தேடிச் சீராக்குவார். கட்டளையை இடும் முன் அதன் விளைவு என்னவென்று தாளில் எழுதி, பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

இவ்வளவு உழைத்தும், பெங்களூரில் எழுதிய முதல் செய்முறைத் தேர்வில் அவர் தோற்றார். ஒரு முறை எழுதுவதற்கான கட்டணம் மட்டுமே ஒரு லட்சம் ரூபாய்க்கும் அதிகம். துவண்டிருந்த வேளையில் ஒருவர் அவரை அணுகி, திருட்டுத்தனமாக வெளியே வந்த வினாக்களும் விடைகளும் தம்மிடம் உள்ளன, பணம் தந்தால் தருவதாகக் கூறினார். ஒரு நாள் இஷாவுக்குப் பின் அவர் நம்மிடம் வந்து, “ஹஜ்ரத், பலரும் இப்படித்தான் தேறுகிறார்கள். நானும் உழைத்துப் படித்தவன்தானே. இது கூடுமா?” என்று கேட்டார்.

கூடாது என்றோம். தேர்வு எழுதுவோர் அனைவரும் வினாக்களை வெளியிடுவதில்லை, முறைகேடு செய்வதில்லை என்று ஒப்புதல் அளித்தே அமர்கின்றனர். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ஸூரா அல்மாயிதாவின் முதல் வசனமே ஆணையிடுகிறது. மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்ததையும், மழையில் நனைந்ததென்று கூறிய வணிகரிடம், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுவோர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததையும் ஹதீஸில் காண்கிறோம். திருட்டு வினாக்களால் பெற்ற சான்றிதழ் மேலே பரப்பிய உலர்ந்த தானியம். வேலை கொடுப்பவர் அதைக் கண்டே விலை பேசுகிறார்.

மேலும் ஒன்று கேட்டோம். உஸ்தாது எந்தப் பக்கத்தைக் கேட்பார் என்று முன்பே அறிந்து, அதை மட்டும் மனனம் செய்தவரை ஹாபிழ் என்போமா? தராவீஹில் முன்னே நிறுத்தினால் இரண்டாம் ரக்அத்திலேயே உண்மை வெளிப்பட்டுவிடும் அல்லவா? அவர் எதுவும் பேசாமல் ஸலாம் கூறிச் சென்றார்.

சகோதரர்களே! அவர் அந்த வினாக்களை வாங்கவில்லை. இரண்டாம் முறையும் எழுதினார். இரண்டாம் முறையும் தோற்றார். “நேர்மையாக எழுதித் தோற்றுவிட்டேன், ஹஜ்ரத்” என்று அவர் கூறியபோது, துஆ செய்வதைத் தவிர நம்மிடம் விடை இருக்கவில்லை. ஹலாலான வழி எளிதான வழி என்று அல்லாஹ் நமக்கு வாக்களிக்கவில்லை. மீண்டும் பல மாதங்கள் பழகினார். மூன்றாம் முறை தேறினார். அந்த இரண்டாம் தோல்வியையே நாம் பெரிதாக மதிக்கிறோம். ஏனெனில் அவருடைய அமானிதம் அங்கேதான் சோதிக்கப்பட்டது.

இத்துடன் அவர் கடமை முடிந்துவிடவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இத்தகுதியைப் புதுப்பித்தாக வேண்டும். ஓதிய பாடத்தைத் திரும்ப ஓதாத ஹாபிழின் நிலையை நாம் அறிவோம்.

இறுதியாக மூன்று வேண்டுகோள்கள். பிள்ளைகளே! எல்லோரும் இத்தேர்வை எழுத வேண்டியதில்லை. வேலைக்குள் நுழைய சி.சி.என்.ஏ. என்னும் தொடக்கத் தேர்வே பலருக்குப் போதுமானது. எதை எழுதினாலும் கைகளால் பழகித் தேறுங்கள். பெற்றோர்களே! தோற்று வரும் பிள்ளையிடம் பணம் போயிற்றே என்று கேட்கும் முன், எப்படி எழுதினாய் என்று கேளுங்கள். தேறி வரும் பிள்ளையிடமும் அதையே கேளுங்கள்.

நிர்வாகப் பெருமக்களே! தகுதியுள்ள மாணவர்களின் தேர்வுக் கட்டணத்திற்கு வட்டியில்லா அழகிய கடனாகத் தனி நிதி ஒன்றை ஏற்படுத்துங்கள். நேர்மையாக எழுதுவேன் என்ற வாக்குறுதியை மட்டும் நிபந்தனையாக்குங்கள். தோற்றவரை நெருக்காமல் அவகாசம் கொடுங்கள். சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் அளிக்குமாறு குர்ஆன் நமக்குக் கற்றுத் தந்துள்ளது. கட்டணத்திற்கு வழியில்லாமல் நம் பிள்ளை ஒருவர் குறுக்கு வழியை நாடினால், நம்மிடமும் கேள்வி உண்டு.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான ரிஸ்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.